நேரலை: எப்போது போகலாம், எப்போது வேண்டாம், எப்படிப் போவது

நேரலை செய்து தரச் சொல்லி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "பார்ப்பவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டால், நீங்கள் அடுத்துப் பேசப்போவது மாறுமா?" மாறும் என்பவருக்கு நேரலை பலன் தரும். மாறாது என்பவரிடம், நிதானமாகப் பதிவு செய்து, பிசகியதை வெட்டிவிட்டு வெளியிடுங்கள் என்பேன். வகுப்புகள், கூட்டங்கள், இசை நிகழ்ச்சிகள், இரங்கல் நிகழ்வுகள் எனப் பலவற்றைக் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒளிபரப்பியிருக்கிறேன். கோளாறில் நின்றுபோன நேரலைகளைவிட, போயிருக்கவே தேவையில்லாத நேரலைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பு யோசிக்க வேண்டியதைப் பற்றியது.

படி 1: இது நேரலைக்கு உரிய விஷயமா?

முடிவு யாருக்கும் தெரியாத நிகழ்வுக்கு நேரலைதான் பொருத்தம். 2012 அக்டோபர் 14 அன்று வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது இஸ்ரோவின் யூடியூப் சேனலிலும் அதே அளவு கூட்டம். மறுநாள் இரண்டையும் இதைவிடத் தெளிவான பதிவாகப் பார்த்திருக்கலாம். ஆனால் மறுநாள் முடிவு தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் பதிவில் கிடைக்காது.

அடுத்தது, பதில் தேவைப்படும் நிகழ்வுகள். சந்தேகம் தீர்க்கும் வகுப்பு, உறுப்பினர் கூட்டம், புதிய கருவியைக் கையில் வைத்து விளக்குவது போன்றவை. "அதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுத, நீங்கள் திருப்பிக் காட்டுகிறீர்கள். பதிவால் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது வகையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வர முடியாதவர்கள் அங்கே இருந்ததுபோல உணர வேண்டிய நிகழ்வுகள். படுக்கையில் இருக்கும் பெரியவர் பேரனின் பட்டமளிப்பைப் பார்ப்பது, கடல் கடந்து வேலை செய்பவர் ஓர் இறுதிச்சடங்கில் கண்ணால் கலந்துகொள்வது. இதற்கு 9 பேர்தான் பார்ப்பார்கள். அந்த 9 பேருக்காகவே அதைச் செய்யலாம். எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலைகள் இப்படிப்பட்டவைதான்.

இந்த மூன்றிலும் சேராதது என்றால், பதிவு செய்யுங்கள். 40 நிமிடப் பாடம், செய்முறை விளக்கம், ஆழமான அலசல் எல்லாம் வெட்டி ஒட்டிய பிறகுதான் நன்றாக இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து சாட்டில் பேச வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால், யூடியூபில் பிரீமியர் என்ற வசதி இருக்கிறது. முன்பே எடுத்த வீடியோ குறித்த நேரத்தில் ஓடும், பக்கத்தில் சாட்டும் ஓடும், நீங்களும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பதில் எழுதலாம். பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

படி 2: கிடைப்பதைக் கணக்கிடுங்கள்

நேரலையின் பெரிய லாபம், உங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியவருவது. எந்த இடத்தில் உங்கள் விளக்கம் புரியவில்லை என்பது சாட்டில் அப்போதே வந்து விழும். ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டால், நீங்கள் தெளிவாகச் சொன்னதாக நினைத்த இடம் தெளிவாக இல்லை என்று பொருள். பதிவு வீடியோவில் அந்த ஐந்து பேரும் சத்தமில்லாமல் வேறு வீடியோவுக்குப் போயிருப்பார்கள்.

அடுத்தது, நேரம் குறித்தால் ஆட்கள் வருகிறார்கள். "எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்ற வீடியோ பல சமயம் பார்க்கப்படாமலே கிடக்கும். "சனிக்கிழமை மாலை 6 மணி" என்றால் ஒரு பகுதியினராவது அந்த நேரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வாரம்தோறும் ஒரே நேரத்தில் வருபவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். சில மாதங்களில் அது ஒரு வட்டமாகிவிடும்.

வெட்டப்படாத காட்சிக்கு நம்பகத்தன்மையும் கூடுதல். நடுவில் எதையும் மறைக்கவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரியும். தேர்தல், தீர்ப்பு, போராட்டம், பொதுக்கூட்டம் போன்றவற்றில் இதற்குத் தனி மதிப்பு.

எடிட்டிங் வேலை இல்லை என்பதும் லாபம்தான். ஆனால் அதில் பாதிதான் உண்மை. எடிட்டிங்கில் மிச்சமாகும் நேரம் ஒத்திகையில் போய்விடும். வருமானத்தைப் பொறுத்தவரை, யூடியூபின் சூப்பர் சாட்டில் பார்வையாளர் தரும் பணத்தில் 70 சதவீதம் சேனலுக்கு, 30 சதவீதம் தளத்துக்கு. ஓரளவு நிலைத்த கூட்டம் சேரும்வரை அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

படி 3: கொடுக்க வேண்டிய விலையைக் கணக்கிடுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

நேரலையில் போனதைத் திரும்பப் பெற முடியாது. ஒளிபரப்பு முடிந்ததும் வீடியோவை நீக்கலாம்தான், ஆனால் பார்த்துக்கொண்டிருந்த யாராவது திரையைப் பதிவு செய்திருந்தால் அது உங்கள் கையில் இல்லை. இதன் கொடூரமான எல்லையை 2019 மார்ச் 15 அன்று உலகம் பார்த்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் தாக்குதல் நடத்தியவன் அதை நேரலை செய்தான். ஃபேஸ்புக் பிறகு தந்த கணக்கின்படி, நேரலை ஓடும்போது பார்த்தது 200 பேருக்கும் குறைவு. தளம் நீக்குவதற்குள் மொத்தமாக 4000 முறை பார்க்கப்பட்டது. முதல் புகார் வந்ததே நேரலை முடிந்து 12 நிமிடங்களுக்குப் பிறகுதான். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்தக் காட்சியின் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் அகற்ற வேண்டியிருந்தது. அவற்றில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. நீங்களும் நானும் செய்யும் நேரலை இதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கும் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் தொடர்பில்லை என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. 15 பேர் பார்த்த நேரலையில் நீங்கள் வாய் தவறிச் சொன்ன ஒரு பெயர், ஒரு நோயாளியின் விவரம், ஒரு குழந்தையின் பள்ளி, எதுவும் அந்த 15 பேரோடு நிற்கும் என்று நம்ப முடியாது.

பாம்கார்ட்னர் குதித்த ஒளிபரப்புக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய நேரலையும் 20 விநாடி தாமதத்தோடுதான் வெளியே போனது. விபரீதம் நடந்தால் அந்தக் காட்சி வெளியே போகாமல் நிறுத்துவதற்காக. பெரிய குழுக்கள் இப்படி ஒரு பாதுகாப்பு வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். வீட்டிலிருந்து நேரலை போகும் நாம் பெரும்பாலும் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்து, படத்தில் வருபவர்களின் சம்மதம். மேடையில் பேசுபவர் ஒப்புக்கொண்டிருப்பார். முன்வரிசையில் அழுதுகொண்டிருப்பவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் பெற்றோரிடம் முன்பே கேளுங்கள், வாசலில் ஓர் அறிவிப்பு வையுங்கள், கேமரா படாத ஒரு பகுதியை ஒதுக்குங்கள். உங்களைப் பற்றிய தகவலும் அப்படித்தான். ஜன்னல் வழியே தெரியும் பலகை, மேஜை மேல் கிடக்கும் கடிதத்தின் முகவரி, திரையைப் பகிரும்போது மேலிருந்து இறங்கும் ஓடிபி, வண்டி எண். தனியாக வெளியூர் போகும்போது இருக்கும் இடத்தை நேரலையில் சொல்வதை நான் எப்போதும் தடுப்பேன். அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு சொல்லுங்கள்.

காப்பிரைட் சிக்கல் நேரலையில் கூடுதல் வேகத்தில் கடிக்கும். 2012 செப்டம்பரில் அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருது விழா யூஸ்ட்ரீம் என்ற நேரலைத் தளத்தில் ஓடியது. விருதுக்குத் தேர்வான தொலைக்காட்சித் தொடர்களின் சில காட்சிகளை அனுமதி பெற்றே திரையிட்டார்கள். காப்பிரைட் மீறலைத் தேடும் தளத்தின் தானியங்கி வடிகட்டிக்கு அந்த அனுமதி தெரியாது. ஏற்புரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. விழா முடிவதற்குள் அதை மீட்க முடியவில்லை. இன்று யூடியூபும் நேரலையை இப்படித்தான் தானாகச் சோதிக்கிறது. அருகில் ஓடும் ஒரு திரைப்பாடல் போதும், காட்சிக்குப் பதிலாக ஒரு நிலைப்படம் வந்து நிற்கலாம், ஒளிபரப்பே நிறுத்தப்படலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அதை நிலைநாட்டுவதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும். இடைவேளையில் பாட்டுப் போடும் பழக்கம் உள்ள அரங்குகளில் ஒலியைக் கையாள்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரலையின் பதிவு பிறகு பார்ப்பவருக்குப் பெரும்பாலும் சலிப்பூட்டும். "எல்லாரும் வந்தாச்சா, சத்தம் கேக்குதா" என்ற முதல் ஏழு நிமிடங்கள், பெயர் சொல்லி வரவேற்பது, நடுவில் நெட் போய்த் திரும்பியது எல்லாம் அதில் அப்படியே இருக்கும். பேசுபவருக்கும் களைப்பு. தொடர்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே எழுத்தையும் படிப்பது இரண்டு வேலை. முதல் சில மாதங்கள் 6 பேர், 8 பேர் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உற்சாகமாகப் பேசுவது மூன்றாவது வேலை.

படி 4: எந்தத் தளம்?

முதலில் பொதுவா, மூடியதா என்று முடிவெடுங்கள். 30 பேருக்கான வகுப்புக்கு ஜூம், கூகுள் மீட் போதும். அங்கே எல்லாரும் பேசலாம், லிங்க் இல்லாத வெளியாள் வர முடியாது. இறுதிச்சடங்குக்கு யூடியூபில் அன்லிஸ்டட் நேரலை நல்லது. லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்ப்பார். ஆனால் லிங்க் பகிரப்பட்டால் யாரும் பார்க்கலாம் என்பதையும் குடும்பத்தாருக்குச் சொல்லிவிடுங்கள்.

பொதுவாகப் போவதென்றால் ஒவ்வொரு தளத்துக்கும் வாசல் நிபந்தனை உண்டு. யூடியூபில் முதன்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம்வரை ஆகும். நிகழ்ச்சி நாள் காலையில் கணக்குத் தொடங்கிவிட்டுத் தவித்தவர்களை அறிவேன். மொபைலிலிருந்து போக 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர் தனியாக யூடியூப் நேரலை செய்ய முடியாது. இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்கும் 1000 பின்தொடர்பவர்களும் தேவை. டிக்டாக்கில் நேரலைக்கு 18 வயது ஆக வேண்டும். பதிவு எவ்வளவு நாள் தங்கும் என்பதும் மாறுபடும். யூடியூப் 12 மணி நேரத்துக்குக் குறைந்த நேரலையைத் தானாகச் சேமித்து வைக்கும். ஃபேஸ்புக்கில் 2025 பிப்ரவரி 19 முதல் புதிய நேரலைகள் 30 நாள் மட்டுமே தங்கும், அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும். நேரலை போகும் வாரத்தில் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

படி 5: நெட் கணக்கு

நெட் விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகம். நமக்கு வேண்டியது அப்லோடு வேகம். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கலாம்.

நேரலை போகப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில், முந்தைய நாள் மூன்று முறை வேகம் பாருங்கள். மூன்றில் குறைந்ததை எடுங்கள். அதில் பாதியை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) கிடைத்தால் 4 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பலாம். யூடியூப் 720பி கூர்மை, விநாடிக்கு 30 ஃபிரேமுக்குப் பரிந்துரைக்கும் பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தகவலின் அளவு) அதுதான். 1080பி-க்கு 10 எம்பிபிஎஸ் என்கிறார்கள், அப்படியானால் அப்லோடு 20 இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தயங்கினால் 720பி தேர்ந்தெடுங்கள். பார்ப்பவர்களில் பெரும் பகுதி மொபைல் திரையில் பார்ப்பார்கள். அவர்கள் கூர்மை குறைந்ததைப் பொறுத்துக்கொள்வார்கள், சுற்றிச் சுற்றி நிற்கும் வட்டத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

டேட்டா எவ்வளவு தீரும் என்பதையும் போட்டுப் பாருங்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 4 எம்பிபிஎஸ்ஸை 3600 விநாடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. மொபைல் டேட்டாவில் மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் 5.4 ஜிபி. தினசரி வரம்புள்ள இணைப்பில் இது நடுவழியில் நின்றுபோகும்.

முடிந்தால் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். வைஃபைதான் வழி என்றால், ரவுட்டர் அதே அறையில் இருக்கும்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4-இல் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் மோதும். காலி அரங்கில் நன்றாக இருந்த வைஃபை 300 மொபைல்கள் உள்ளே வந்ததும் படுத்துவிடும், ஆகவே அரங்கின் பொது வைஃபையை நம்பாதீர்கள். மாற்று ஏற்பாடாக வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட மொபைலில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்கள் சேர்ந்தே விழும். மின்சாரம் போகும் இடமென்றால் ரவுட்டருக்கும் ஒரு யுபிஎஸ் வையுங்கள். கணினிக்கு வைத்துவிட்டு ரவுட்டரை மறப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

படி 6: சத்தம், வெளிச்சம், பிறகுதான் கேமரா

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் மைக் வாங்குங்கள். படம் மங்கினாலும் பேச்சு கேட்டால் உட்கார்ந்து கேட்பார்கள். பேச்சு கரகரத்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். வாயிலிருந்து மைக் தள்ளிப் போகப் போக, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலி குறையாது. அதனால் 2 மீட்டர் தள்ளி நிற்கும் மொபைலின் மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் கேட்கும். காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் குத்துங்கள். சங்கிலியோ துப்பட்டாவோ உரசாமல் பாருங்கள். அரங்கில் ஒலிபெருக்கி இருந்தால் மிக்ஸரிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) ஒரு வயர் நேராக வாங்குங்கள். ஆனால் மிக்ஸர் ஒலி மட்டும் போனால் கைத்தட்டல் கேட்காது, அரங்கம் வெறிச்சோடியதுபோல இருக்கும். கூட்டத்தை நோக்கி இன்னொரு மைக் வைத்து அதையும் மெல்லக் கலந்துவிடுங்கள்.

வெளிச்சம் முகத்தின் முன்னாலிருந்து வரட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிழலுருவம்தான் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் சில விளக்குகள் கேமராவில் படபடக்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60.

கேமராவுக்கு மொபைலே போதும். ட்ரைபாடில் நிறுத்துங்கள், உறையைக் கழற்றுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், சார்ஜரில் இருக்கட்டும். சூடேறினால் மொபைல் தானாக நின்றுவிடும். ஏரோப்ளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால் அழைப்பு வந்து ஒளிபரப்பை நிறுத்தாது. குறுக்கா, நெடுக்கா என்பதை லைவ் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் திருப்பினால் பார்ப்பவருக்குக் காட்சி பக்கவாட்டில் சாய்ந்துவிடலாம்.

படி 7: கணினி வழியே போவதென்றால்

ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், கணினியிலிருந்து நேரலை அனுப்ப 2012 முதல் வளர்ந்துவரும் திறமூல மென்பொருள். தளத்திலிருந்து ஸ்ட்ரீம் கீயை எடுத்து அதில் ஒட்ட வேண்டும். அந்தக் கீ உங்கள் சேனலின் சாவி. அது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் பெயரில் ஒளிபரப்பலாம், ஆகவே அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்தபடி திரையைப் பகிராதீர்கள். கசிந்துவிட்டால் உடனே ரீசெட் செய்யுங்கள்.

ரேட் கன்ட்ரோலில் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்) இடைவெளி 2 விநாடி, ஆடியோ 128 கேபிபிஎஸ். பேசும்போது ஒலிமானி மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பின் கடைசி முனையைத் தொட்டால் கரகரக்கும். கூடவே கணினியிலும் பதிவாகட்டும், நெட் போனாலும் முழு நிகழ்ச்சி கையில் இருக்கும். அந்தப் பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். சாதாரண எம்பி4 கோப்பு, கணினி நடுவில் அணைந்தால் திறக்காமலே போய்விடும். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம்.

ஓபிஎஸ்ஸில் மூன்று சீன் (மாற்றி மாற்றிக் காட்டும் திரை அமைப்பு) தயாரியுங்கள்: தொடக்க அட்டை, கேமரா, அவசர அட்டை. "சிறிது நேரத்தில் தொடர்வோம்" என்று எழுதிய அந்த அவசர அட்டையில் மைக்கும் அணைந்திருக்க வேண்டும். ஒரே விசையில் அதற்குத் தாவும்படி ஹாட்கீ வையுங்கள். யாராவது மயங்கி விழுந்தால், தகராறு மூண்டால், ஒரு குழந்தை ஆடையின்றி ஓடிவந்தால், யோசிக்காமல் அந்த விசையை அழுத்த வேண்டும். 20 விநாடி தாமதம் இல்லாத நமக்குள்ள பாதுகாப்பு இதுதான். ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் டிலே வசதியும் உண்டு. பொதுமக்கள் மைக் பிடிக்கும் கூட்டத்தில் நான் 15 விநாடி வைப்பேன். ஒன்றை மறக்க வேண்டாம்: டிலே ஓடும்போது அட்டையும் அதே 15 விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும். நடந்தது வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால், அந்த 15 விநாடிக்குள் ஒளிபரப்பையே துண்டிக்க வேண்டும்.

படி 8: தாமதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் எதுவும் வைக்காவிட்டாலும் நேரலை சில விநாடிகள் பின்னால்தான் ஓடும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அனுப்பும். ஒரு துண்டு 6 விநாடி, பார்ப்பவரின் பிளேயர் மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும் என்றால், அங்கேயே 18 விநாடி ஆயிற்று. அதனால்தான் "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டவுடன் சாட் அமைதியாக இருக்கும். அமைதியைப் பார்த்து "சரி, யாருக்கும் கேள்வி இல்லை" என்று முடித்துவிடுவார்கள். அப்போதுதான் அங்கே அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டுவிட்டு அரை நிமிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டே காத்திருங்கள்.

யூடியூபில் தாமதத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பேச்சு, இசை என்றால் சாதாரணத் தாமதம். அதில் படம் திக்காது. கேள்வி பதில் என்றால் குறைந்த தாமதம். மிகக் குறைந்த தாமதத்தில் நெட் லேசாகத் தடுமாறினாலும் பார்ப்பவருக்கு நிற்கும்.

படி 9: ஒத்திகையும் ஆட்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரங்கல் கூட்டத்தை ஒளிபரப்பினேன். தொடக்க அட்டையிலிருந்து கேமராவுக்கு மாறியபோது மைக் திறக்கவில்லை. என் ஹெட்போனில் அரங்க ஒலியே கேட்டதால் எனக்குத் தெரியவில்லை. 11 நிமிடம். சாட்டில் "சத்தம் இல்லை, சத்தம் இல்லை" என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சாட்டைப் பார்க்க நான் யாரையும் வைக்கவில்லை. மறைந்தவரின் மகள் வேறொரு நாட்டில் உட்கார்ந்து, தன் அண்ணன் வாயசைப்பதை மட்டும் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை. அன்றிலிருந்து வெளியாள் ஒருவர் இல்லாமல் எந்த நேரலையையும் நான் தொடங்குவதில்லை. அவர் வேறு இடத்தில், வேறு நெட்டில், ஹெட்போன் போட்டு, பார்வையாளர் பார்க்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். படமும் சத்தமும் சரியாக வந்தால் ஒரு சொல் அனுப்புவார். அந்தச் சொல் வந்த பிறகே மேடைக்குச் சைகை.

ஒத்திகையை முந்தைய நாள் அதே நேரத்தில், அதே கருவிகளோடு, அன்லிஸ்டட் நேரலையாக 20 நிமிடம் ஓட்டுங்கள். 5 நிமிடத்தில் தெரியாத சூடும் நெட் தடுமாற்றமும் 20 நிமிடத்தில் தெரியும். வாயசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கைதட்டிப் பாருங்கள்.

சாட்டைக் கவனித்து, தகாததை நீக்க ஒரு மாடரேட்டர் வேண்டும், 100 பேருக்கு மேல் என்றால் இருவர். தடை செய்ய வேண்டிய சொற்களை முன்பே பட்டியலில் போடுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் வசவுகளையும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் சேருங்கள், தானியங்கி வடிகட்டிகள் அவற்றைத் தவறவிடும். ஸ்லோ மோடு போட்டால் ஒருவரே திரும்பத் திரும்ப எழுத முடியாது. பெண்கள் நடத்தும் நேரலைகளில் மாடரேட்டர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்பேன். பேசிக்கொண்டிருப்பவர் அந்த அசிங்கத்தைத் தானே படித்து, தானே நீக்கி, முகம் மாறாமல் தொடர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

படி 10: ஓடும்போது

குறித்த நேரத்தில் தொடங்குங்கள். தாமதமாக வருபவருக்காக நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைக்காதீர்கள். முதல் நிமிடத்திலேயே இன்று என்ன, எவ்வளவு நேரம், கேள்விகள் எப்போது என்று சொல்லிவிட்டால் பிறகு பதிவைப் பார்ப்பவருக்கும் உதவும். கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள், பதிவில் சாட் தெரியாமல் போகலாம். படிப்பதற்கு முன் கண்ணால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணையோ அவதூறையோ உங்கள் வாயாலேயே சொல்லிவிடக் கூடாது.

நெட் போனால் பதறி புதிய நேரலை தொடங்காதீர்கள். பழைய லிங்க்கில் காத்திருப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அதே ஸ்ட்ரீம் கீயில் திரும்ப இணைந்தால் பெரும்பாலும் அதே பக்கத்தில் தொடரும். மாடரேட்டர் சாட்டில் "2 நிமிடத்தில் வருகிறோம்" என்று எழுதட்டும்.

முடித்ததும் கேமராவும் மைக்கும் இன்னும் ஓடுவதுபோலவே நடந்துகொள்ளுங்கள், வெளியாள் "நின்றுவிட்டது" என்று சொல்லும்வரை.

படி 11: முடிந்த பிறகு

அன்றே பதிவை இறக்கி வையுங்கள். தொடக்கக் காத்திருப்பை யூடியூப் எடிட்டரில் வெட்டுங்கள், நேரக் குறிப்புகளை விளக்கத்தில் போடுங்கள். யாருடைய தனிப்பட்ட விவரமாவது தெரிந்திருந்தால், வெட்டும்வரை வீடியோவைப் பிரைவேட்டில் வையுங்கள். பிறகு பார்வையாளர் வரைபடத்தைத் திறந்து, எந்த நிமிடத்தில் கூட்டம் சரிந்தது என்று பார்த்து, அந்த இடத்தில் நீங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக சாட்டை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். நேரம் போதாமல் நீங்கள் விட்டுவிட்ட கேள்விகள் அங்கே இருக்கும். நான் அவற்றைக் கேட்டவரின் பெயரோடு ஒரு தாளில் எழுதி வைப்பேன். அடுத்த நேரலையின் முதல் 10 நிமிடம் அந்தத் தாளுக்கு.